ஒன்பதாம் அறையில் சொன்ன சொல்

ஹம்பேர்க்கில் ஓர் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்தேன். நான்காம் மாடி முழுவதும் என் பொறுப்பு. இருபத்திரண்டு அறைகள், இரண்டு நீண்ட நடைபாதைகள், தாதிமாரின் அறை, டொக்டர்மாரின் அறை. காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரண்டரைக்கு முடியும். சம்பளம் தந்தது ஆஸ்பத்திரி அல்ல, ஒரு துப்புரவுக் கொம்பனி. அதனால் எத்தனையோ வருடம் அந்த மாடியில் நின்றும் நான் அந்த மாடியின் ஆள் இல்லை. உடுப்பின் நிறமும் வேறு. அவர்களுக்கு வெள்ளை, எங்களுக்குக் கடும் பச்சை.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரைதான். ஜெர்மன் மொழியைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. நிலம் துடைத்துக்கொண்டு கேட்டதுதான் என் ஜெர்மன். கடையிலோ பஸ்ஸிலோ யாராவது பேசினால் எனக்கு வாய் வராது, முகம் சிவந்து தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆனால் நான்காம் மாடியில் பேசும் ஜெர்மன் மட்டும் எனக்கு நன்றாக விளங்கியது. காரணம், அது வெளியில் இல்லாத ஜெர்மன். வெள்ளை உடுப்புக்காரர் தங்களுக்குள் பேசுவது. நோயாளியிடம் ஒரு மாதிரிச் சொல்வார்கள், கட்டிலுக்கு அந்தப் பக்கம் நிற்கும் மற்ற டொக்டரிடம் அதே விஷயத்தை வேறு சொற்களில் சொல்வார்கள். பாதி லத்தீன், பாதி சுருக்கச் சொற்கள். நோயாளி ஜெர்மன்காரராக இருந்தாலும் விளங்காது. அப்படி விளங்காமல் இருக்கத்தான் அந்தச் சொற்கள் இருக்கின்றன என்று எனக்குத் தெரிய ஒரு வருடம் பிடித்தது.

எனக்கு அவற்றின் அர்த்தத்தைப் புத்தகம் சொல்லித் தரவில்லை. வேலை சொல்லித் தந்தது. காலையில் டொக்டர்மார் ஓர் அறையில் ஒரு சொல் சொல்வார்கள், பத்து மணிக்கு அந்த அறை வாசலில் மஞ்சள் மேலங்கியும் கையுறையும் வைத்திருக்கும். அப்போது அந்தச் சொல் தொற்றுநோய் என்று தெரிந்துகொள்வேன். இன்னொரு சொல் சொன்னால் மறுநாள் கட்டில் வெறுமையாக இருக்கும், ஆள் வீட்டுக்குப் போயிருப்பார்.

எங்களுக்கும் எங்கள் சொற்கள் இருந்தன. அதில் பெரியது 'ஷ்லுஸ்'. முடிவு என்று பொருள். "ஒன்பதில் ஷ்லுஸ்" என்று மேற்பார்வையாளர் சொன்னால், ஒன்பதாம் அறையில் ஆள் போய்விட்டார், கட்டில், மெத்தை, அலுமாரி, அழைப்பு மணியின் வயர் வரைக்கும் மருந்து போட்டுக் கழுவ வேண்டும் என்று அர்த்தம். வீட்டுக்குப் போனாலும் ஷ்லுஸ், செத்துப் போனாலும் ஷ்லுஸ். எங்கள் வேலைக்கு இரண்டும் ஒன்று.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் அறைக்குள் துடைப்பத்தோடு நுழைந்தேன். உள்ளே சொந்தக்காரர் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். ஒரு தாதி கையைக் காட்டி என்னை வெளியே போகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்னோடு வேலை செய்த போலந்துக்காரி பிறகு விளங்கப்படுத்தினாள். டொக்டர்மார் 'பிறேஃபினால்' என்று சொன்னால் அந்த அறையில் சத்தம் போடக்கூடாது, குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். "இரண்டு நாள், மூன்று நாள். பிறகு ஷ்லுஸ்" என்றாள். முடிவுக்குச் சற்று முன்னால் என்பதுதான் அந்தச் சொல். அதற்குப் பிறகு நானும் கவனித்தேன். பெரும்பாலும் அவள் சொன்ன கணக்கு சரியாகவே இருந்தது.

இந்தச் சொற்கள் எனக்குத் தெரியும் என்பது வெள்ளை உடுப்புக்காரர் ஒருவருக்கும் தெரியாது. அதில் எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம் இருந்தது, மறைப்பானேன்.

எங்கள் ஆட்களுக்கு மட்டும் சொல்லியிருந்தேன். அல்லது, அண்ணைக்குச் சொன்னேன், அண்ணை ஊருக்கே சொன்னார். அண்ணை என்பது சொந்த அண்ணன் அல்ல. ஜெர்மனிக்கு வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் எனக்கு மேல் கட்டிலில் படுத்தவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். முதல் நாள் அந்த அறையில் ஏழு பேர் இருந்தார்கள், ஒருவர் பேசுவதும் எனக்கு விளங்கவில்லை. தமிழ்தான், ஆனால் விளங்கவில்லை. "இவர் அசூல் அடிச்சாச்சோ?", "அவன்ர கேஸ் முறிஞ்சு போச்சு", "வக்கீல் திருப்பிப் போட்டிருக்கிறார்." அசூல் அடிப்பது என்றால் அகதி விண்ணப்பம் கொடுப்பது என்றும், கேஸ் முறிவது என்றால் அது தள்ளுபடியாவது என்றும் அண்ணைதான் இரவுச் சாப்பாட்டுக்கு முன் எனக்கு இரகசியமாகச் சொல்லித் தந்தார். "முழிக்காத. ஒரு மாசத்தில நீயும் இப்பிடித்தான் கதைப்பாய்" என்றார். அப்படியே ஆயிற்று. அந்தச் சொற்கள் வாய்க்கு வந்த பிறகுதான் அந்த அறையில் எனக்கு இடம் கிடைத்தது போல இருந்தது.

பிறகு அண்ணைக்குக் கல்யாணம் ஆனது. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், ஊரிலிருந்து வந்தார். பிள்ளைகள் இல்லை. ஞாயிறு பூசை முடிந்து அவர்கள் வீட்டில்தான் எனக்குச் சாப்பாடு. யாராவது ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தால் அண்ணை என்னைத்தான் காட்டுவார்.

"இஞ்ச இருக்கிறார் எங்கட டொக்டர். வாளிக்குள்ள கைவிட்டு வைத்தியம் படிச்சவர். காட்டுங்கோ கடிதத்தை."

"சும்மா இருங்கோ அண்ணை" என்பேன்.

"பாத்தியளே, டொக்டருக்கு வெக்கம் வந்திட்டுது" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் கடிதத்தை வாங்கித் தெரிந்த சொற்களைத் தேடிப் பார்ப்பேன். நல்லதாக இருந்தால் சொல்வேன். நல்லதாக இல்லாவிட்டால், "இதை உங்கட டொக்டரிட்ட ஒருக்காக் கேளுங்கோ" என்பேன். அது அங்கு எல்லோரும் செய்வதுதான். கெட்ட செய்தியை யாரும் நேரே சொல்வதில்லை. ஊரில் ஒருவர் இறந்தாலும் முதலில் "கொஞ்சம் சுகமில்லையாம்" என்றுதான் தொலைபேசியில் சொல்வோம்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஓர் இலையுதிர் காலத்தில் அண்ணைக்கு வயிற்று வலி தொடங்கியது. புற்றுநோய். ஒரு தரம் வெட்டினார்கள், மருந்து ஏற்றினார்கள், வேலை போனது. அடுத்த வருடம் மார்ச்சில் அவரைக் கொண்டுவந்து விட்டது என்னுடைய நான்காம் மாடியில், ஒன்பதாம் அறையில். வேறு எங்காவது போட்டிருக்கக் கூடாதா என்று இப்போது நினைக்கிறேன். அப்போது சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு நாளும் மற்ற அறைகளை வேகமாக முடித்துவிட்டு ஒன்பதைக் கடைசியாக வைத்துக்கொள்வேன், கொஞ்ச நேரம் கூட நிற்கலாம் என்று.

"டொக்டர் வந்திட்டார். இண்டைக்கு என்ன, எனக்கு மருந்தோ, நிலத்துக்கு மருந்தோ?" என்பார்.

"நிலத்துக்குத்தான் அண்ணை."

"அது பிழைச்சிடும். நல்ல டொக்டர்."

அக்கா ஒரு சலவைத் தொழிற்சாலையில் வேலை. வேலைக்கு முன்னும் பின்னும் வருவார். அவருக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவருடைய விசா அண்ணையின் விசாவோடு ஒட்டியது. அண்ணைக்கு ஏதாவது நடந்தால் தன்னை இங்கே இருக்க விடுவார்களா என்று அவருக்குத் தெரியாது. தனக்கென்று நிரந்தர விசாவுக்கு விண்ணப்பம் போட்டு ஏழு மாதம் காத்திருந்தார். கடைசியில் வெளிநாட்டார் அலுவலகத்திலிருந்து டெர்மின் வந்தது, நேரில் வரச் சொல்லிக் குறித்த நாளும் நேரமும். ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை. அந்த டெர்மினைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அண்ணைதான் தினமும் அவருக்கு ஞாபகப்படுத்துவார். "போட்டோ எடுத்தனியே? சம்பளத் துண்டு மூண்டு மாசத்துக்கு வைச்சனியே?"

அந்தச் செவ்வாய் காலை டொக்டர்மார் ஒன்பதாம் அறைக்கு வந்தபோது அக்கா கட்டிலின் பக்கத்தில் நின்றார், கையில் கடுதாசிகள் வைத்த பிளாஸ்டிக் பை. நான் கை கழுவும் தொட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அண்ணை கண்ணை மூடிக் கிடந்தார். முந்தின நாளிலிருந்து அதிகம் பேசவில்லை. பெரிய டொக்டர் அண்ணையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், காலைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற இளைய டொக்டரிடம் திரும்பி மெதுவாக இரண்டு வசனம் சொன்னார். அதற்குள் 'பிறேஃபினால்' என்ற அந்தச் சொல் இருந்தது. இளையவர் எழுதிக்கொண்டார். பெரியவர் அக்காவிடம் திரும்பி இலகுவான ஜெர்மனில், "அவருக்கு வலி இல்லாமல் நாங்கள் பார்த்துக்கொள்வோம்" என்றார். அக்கா தலையை ஆட்டி நன்றி சொன்னார். அவர்கள் போய்விட்டார்கள்.

அக்கா என்னைப் பார்த்தார்.

"என்ன தம்பி, தங்களுக்குள்ள என்னவோ சொன்னவை?"

அண்ணையின் கண் மூடியிருந்தாலும் காது கேட்கும். "மருந்து மாத்தப் போகினமாம் அக்கா. நோவுக்கு" என்றேன்.

அவர் மேற்சட்டையைப் போட்டார். நான் துடைப்பத்தை வைத்துவிட்டு லிஃப்ட் வரைக்கும் கூடப் போனேன். நடைபாதையில் சொல்லலாம் என்றுதான் போனேன். முப்பது நாற்பது அடி தூரம். சொல்லை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். தமிழில் அதற்கு ஒரு சொல் எனக்கு வரவில்லை. 'கடைசிக் கட்டம்' என்பதா? 'இழுத்துக்கொண்டு கிடக்கிறார்' என்பதா? எல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி இருந்தது. டொக்டர்மாரின் சொல் சுத்தமாக இருந்தது, கையுறை போட்டுத் தொடுவது போல. என்னிடம் கையுறை இல்லாத சொற்கள்தான் இருந்தன.

லிஃப்ட் வந்தது. அக்கா கதவைக் காலால் தடுத்துக்கொண்டு கேட்டார்.

"உண்மையைச் சொல்லுங்கோ தம்பி. நான் இப்ப போகலாமோ? இல்லாட்டி டெர்மினை விடட்டோ?"

இதைவிட நேராக ஒருவர் கேட்க முடியாது.

"போட்டு வாங்கோ அக்கா. நான் இஞ்சதானே நிக்கிறன்" என்றேன்.

"ஏதும் எண்டால் ரெலிபோன் அடிப்பியள் தானே?"

"ஓம் அக்கா."

கதவு மூடியது.

ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பிறகு பல காரணங்கள் எனக்குக் கிடைத்தன. துப்புரவாளர் நோயாளியைப் பற்றிச் சொந்தக்காரரிடம் பேசக்கூடாது என்று கொம்பனியின் விதி இருந்தது. அண்ணை உயிரோடு இருக்கும்போதே விசா வந்துவிட்டால் அக்காவுக்கு நல்லது என்பதும் உண்மை. ஆனால் இவை பிறகு வந்த காரணங்கள். லிஃப்ட் வாசலில் என் மனதில் இருந்தது ஒன்றுதான். இரண்டு நாள், மூன்று நாள் இருக்கிறது. இன்றைக்குச் செவ்வாய். மத்தியானம் அவர் வந்துவிடுவார், ஆறுதலாக இருத்திச் சொல்லலாம். வெறுமையான கட்டில்களைக் கழுவிக் கழுவி நான் படித்த கணக்கு அது. அந்தக் கணக்கை அண்ணையின் மேல் போட்டேன்.

பதினொரு மணிக்கு முன் மீண்டும் ஒன்பதுக்குப் போனேன். அண்ணை கண் திறந்திருந்தார்.

"அவ போட்டாவோ?"

"ஓம் அண்ணை."

"நல்லது." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "என்னவாம் டொக்டர், என்ன சொன்னவங்கள்?"

"மருந்து மாத்தினமாம் அண்ணை."

அவர் என்னையே பார்த்தார். உதட்டின் ஒரு பக்கம் அசைந்தது, சிரிக்கப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"நல்லாத்தான் படிச்சிட்டாய்" என்றார்.

மறுபடியும் கண்ணை மூடினார். சற்று நேரத்தில் மூச்சின் சத்தம் மாறியது. மணியை அழுத்தினேன். ஒரு தாதி வந்தார், பிறகு இன்னொருவர். முதலாமவர் என் பச்சை உடுப்பைப் பார்த்து, "இப்போது சுத்தம் செய்ய வேண்டாம், வெளியே நில்லுங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நான் வெளியே போனேன். இவர் எனக்கு அண்ணை மாதிரி, பதினைந்து வருடப் பழக்கம் என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். அந்த வசனத்துக்கு வேண்டிய ஜெர்மன் என்னிடம் இருந்தது. அண்ணன், நண்பன், இரண்டும் முதல் வாரத்தில் படித்த சொற்கள். வாய் திறக்கவில்லை. துப்புரவு வண்டிலைப் பிடித்துக்கொண்டு மூடிய கதவுக்கு முன்னால் நின்றேன்.

கீழே போய்த் தொலைபேசி எடுத்தேன். அக்காவின் கைத்தொலைபேசி அணைத்து வைக்கப்பட்டிருந்தது. தாதியும் எடுத்துப் பார்த்தார். அந்த அலுவலகத்தில் காத்திருக்கும் இடத்தில் தொலைபேசியை அணைக்கச் சொல்லி அறிவித்தல் ஒட்டியிருக்கும். அக்கா சுவரில் எழுதியிருப்பதை அப்படியே செய்கிறவர். மீண்டும் மேலே வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு தாதி ஜன்னலைத் திறந்துகொண்டிருந்தார்.

அக்கா ஒரு மணி அளவில் வந்தார். நான் லிஃப்டுக்கு முன்னாலேயே நின்றேன். கதவு திறந்தபோது அவர் முகத்தில் நான் பல மாதம் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. பிளாஸ்டிக் பையை உயர்த்திக் காட்டினார்.

"தந்திட்டாங்கள் தம்பி! இனி எங்களை ஒண்டும் செய்யேலாது. வாங்கோ, அவருக்குக் காட்டுவம்."

நான் அப்போதும் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்து அவரே தெரிந்துகொண்டார். பை கையிலிருந்து விழவில்லை. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்பதாம் அறைக்கு ஓடினார். நடைபாதையில் அவர் சப்பாத்துச் சத்தம் கேட்டது, பிறகு அவர் குரல் கேட்டது. மற்ற அறைகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அந்த மாடியில் யாரும் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

மறுநாள் காலை மேற்பார்வையாளர் தாளைப் பார்த்து, "ஒன்பதில் ஷ்லுஸ்" என்றார். நான் முடியாது என்று சொல்லியிருக்கலாம், போலந்துக்காரி செய்திருப்பாள். ஆனால் வேறு ஒருவர் அந்தக் கட்டிலைத் தொடுவது எனக்குப் பிடிக்கவில்லை. மருந்து கரைத்து மெத்தையைத் துடைத்தேன். மேசை லாச்சியை இழுத்துத் திறந்தபோது உள்ளே அவருடைய சீப்பு கிடந்தது. வழக்கமாக அப்படிக் கிடப்பவற்றைத் தாதிமாரிடம் கொடுக்க வேண்டும். இதை நான் கொடுக்கவில்லை. எனக்கு எழுபது நிமிடம் பிடித்தது. வழக்கமாக நாற்பதில் முடிப்பேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து அக்கா வீட்டில் சாப்பாடு. எல்லோரும் போன பிறகு நான் கதிரைகளை மடித்து அடுக்கிக்கொண்டு நின்றேன். அக்கா குசினியில் கோப்பை கழுவினார். தண்ணீரை நிறுத்தாமலே கேட்டார்.

"அண்டைக்குக் காலமை பெரிய டொக்டர் என்ன தம்பி சொன்னவர்?"

இந்த முறை சொன்னேன். அந்தச் சொல்லையும், அதன் அர்த்தத்தையும், எனக்கு அது எத்தனை வருடமாகத் தெரியும் என்பதையும். இரண்டு நாள் இருக்கும் என்று நினைத்ததையும் சொன்னேன். கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் குழாயைப் பூட்டினார்.

"நான் கேட்டனான் தம்பி. லிஃப்டுக்குள்ள நிண்டு கேட்டனான்."

"ஓம் அக்கா."

"சொல்லியிருந்தாலும் நான் போயிருப்பனோ தெரியாது. அவர் போகச் சொல்லித்தான் சொல்லியிருப்பார். போயிருக்கவும் கூடும்." துணியை எடுத்துக் கையைத் துடைத்தார், ஒவ்வொரு விரலாக. "ஆனா போறதோ நிக்கிறதோ எண்டு நான் எல்லோ யோசிச்சிருக்க வேணும். டொக்டர்மாரும் எனக்குச் சொல்லேல்ல. அவை வேற ஆக்கள். நீங்களும் அவையோட சேந்து நிண்டிட்டியள்."

"அப்பிடி இல்லை அக்கா" என்றேன். ஆனால் அவர் சொன்னது சரி. ஒரு சொல் எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அந்த இடைவெளியில் நின்று அவருடைய ஒரு நாளை நான் எடுத்துச் செலவழித்தேன். முகாமில் என்னை விளங்காமல் இருக்க விட்டிருக்கலாம். அண்ணை அன்று விடவில்லை.

"தேத்தண்ணி போடட்டோ?" என்று அக்கா கேட்டார். வேண்டாம் என்றேன். வாசல் வரைக்கும் வந்து கதவைத் திறந்துவிட்டார். பஸ் நிறுத்தத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு நாலாவதில் ஏறினேன்.

அடுத்த வருடம் அக்கா பான் நகரத்துக்குப் போனார், அங்கே அவருடைய தங்கை குடும்பம் இருந்தது. முழங்கால் நோ, சர்க்கரை என்று அவருக்கும் இப்போது ஆஸ்பத்திரிக் கடிதங்கள் வருவதாகத் தங்கை சொல்லி அறிந்தேன். அவற்றை அங்கே ஒரு தமிழ்ப் பிள்ளையிடம் கொடுத்து வாசிப்பிக்கிறாராம். நத்தாருக்கும் ஈஸ்டருக்கும் அக்கா எனக்குத் தொலைபேசி எடுப்பார். குளிரைப் பற்றிக் கதைப்போம், யார் யாருக்குக் கல்யாணம் என்று கதைப்போம். இன்னும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். எதையும் கேட்பதில்லை.